₹500 எப்படி ¹500 ஆகிறது? பிடிஎஃப்-ல் குறியீடுகள் உடைவது ஏன், சரிசெய்வது எப்படி?

ஃப்ரீலான்ஸ் வேலைக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள். திரையில் ₹500 என்று பளிச்சென இருக்கிறது. கிளையன்ட் திறக்கும் பிடிஎஃப்-ல் அது ¹500. அந்தக் குட்டி 1 கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது, அவ்வளவுதான். அவசரத்தில் பார்ப்பவருக்கு அது 1500. இது வெறும் அழகுப் பிரச்னை இல்லை, காசுப் பிரச்னை.

ஏன் சரியாக '1' வருகிறது? யூனிகோடில் ரூபாய்க் குறியின் எண் 20பி9 (நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து பி). பிடிஎஃப் வடிவம் 1993-ல் வந்தபோது, எல்லாக் கணினியிலும் இருக்கும் என்ற நம்பிக்கையில் 14 எழுத்துருக்களை அடிப்படையாக வைத்தார்கள். ஹெல்வெடிகா, டைம்ஸ், கூரியர் வகைகள், கூடவே சிம்பல், ஸாஃப் டிங்பேட்ஸ். இவற்றில் ₹ கிடையாது. அப்போது அந்தக் குறியே பிறக்கவில்லையே! ஜேஎஸ்-பிடிஎஃப் மாதிரியான கருவிகள் இந்தப் பழைய எழுத்துருவில் ₹-ஐ எழுதப் போகும்போது, எண்ணின் முன்பாதி கழன்றுவிடுகிறது. மிச்சம் இருக்கும் 'பி9' என்ற இடத்தில் உட்கார்ந்திருப்பது ¹. வேறு சில கருவிகள் கறுப்புச் சதுரம் காட்டும். அதுகூட பரவாயில்லை, தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

பழைய ஃபைல்களில் இன்னொரு கூத்து. கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. யூனிகோடில் அது இடம்பிடித்தது அக்டோபரில். அதற்குள் அவசரப்பட்டவர்களுக்காக, மங்களூருவின் ஃபோரேடியன் நிறுவனம் ஓர் எழுத்துரு வெளியிட்டது. டேப் கீக்கு மேலே இருக்கும் ` குறியை அழுத்தினால் ₹ படம் வரும். அன்றைக்கு அது புத்திசாலித்தனமான தீர்வுதான். ஆனால் ஃபைலுக்குள் சேமிக்கப்படுவது ` மட்டுமே, ரூபாய் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் '`500 கோடி' என்று வரும். 2010-களின் தொடக்கத்தில் வந்த அறிக்கைகளிலிருந்து டேட்டா எடுக்கும்போது இந்த ` குறிகளைத் துடைப்பதே தனி வேலை. கண்ணுக்கு ₹ தெரியும், காப்பி பண்ணினால் ` வரும்.

பாமினி எழுத்துருவில் தமிழ் அடித்தவர்களுக்கு இது புதுசில்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போட்டிருப்பது தமிழ் முகமூடி. விங்டிங்ஸும் அதே கதைதான். ரெஸ்யூமேவில் போட்ட டிக் மார்க், எழுத்துரு மாறியதும் தலையில் இரண்டு புள்ளி வைத்த 'யு' ஆகிவிடும். அலுவலக மெயிலில் வாக்கியக் கடைசியில் காரணமே இல்லாமல் 'ஜே' என்ற ஆங்கில எழுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விங்டிங்ஸ் ஸ்மைலி!

சரி, முதலில் நோயைக் கண்டுபிடிப்போம்

பிடிஎஃப்-ஐ அடோபி ரீடரில் திறந்து, ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஃபான்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு எழுத்துரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடெட்' அல்லது 'எம்பெடெட் சப்செட்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்துரு ஃபைலோடு பயணிக்கவில்லை என்று அர்த்தம். பெறுபவரின் கணினி தன்னிடம் இருப்பதை வைத்து ஒப்பேற்றும்.

அடுத்து, குறியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பார்க்க ₹, ஒட்டினால் வேறு ஏதோ என்றால் முகமூடி எழுத்துரு. எம்பெட் செய்தாலும் இது தீராது. தேடல், எக்ஸெல், ரெஸ்யூமே வடிகட்டும் மென்பொருள் எல்லாம் படிப்பது உள்ளே இருக்கும் எழுத்தைத்தான்.

எப்படிச் சரி பண்றது?

வேர்டில் 20பி9 என்று ஆங்கிலத்தில் அடித்து, உடனே ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் நிஜமான ₹ வரும். பழைய ஃபைலில் ` குறிகளை மாற்ற ஃபைண்ட்-ரீப்ளேஸ் போதும். ஆனால் தேடும்போது ஃபார்மட்டில் அந்தப் பழைய எழுத்துருவையும் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் உண்மையான ` குறிகளும் ரூபாயாகிவிடும். டிக் மார்க்கை விங்டிங்ஸிலிருந்து எடுக்காமல் யூனிகோடின் ✓ குறியைப் போடுங்கள்.

பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ஆப்ஷன்ஸில் 'பிடிஎஃப்/ஏ' என்பதை டிக் செய்யுங்கள். ஆவணக் காப்பகங்களுக்காக உருவான இந்தத் தரத்தில், பயன்படுத்திய எழுத்துருக்கள் ஃபைலுக்குள்ளேயே இருப்பது கட்டாயம். சில எழுத்துருக்களின் உரிமம் எம்பெட் செய்வதை அனுமதிக்காது. அப்போது வேர்டு அந்த எழுத்தைப் படமாக மாற்றிவிடலாம். பார்க்க நன்றாக இருக்கும், தேட முடியாது. வேறு எழுத்துருவுக்கு மாறுவதுதான் வழி. விண்டோஸில் நிர்மலா யூஐ, இலவசமாக வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ், இரண்டிலும் ₹ உண்டு.

கோடு எழுதி இன்வாய்ஸ் உருவாக்குபவர்கள், இயல்பாக வரும் ஹெல்வெடிகாவை விட்டுவிட்டு நோட்டோ சான்ஸின் டிடிஎஃப் ஃபைலைக் கருவியில் பதிவு செய்தால் ₹ சரியாகிவிடும். தமிழ்ப் பெயர்களும் உண்டு என்றால் அது மட்டும் போதாது. ஜேஎஸ்-பிடிஎஃப் எழுத்துகளை வரிசையாக வைக்குமே தவிர, 'கே'-யின் கொம்பை முன்னால் கொண்டுவரத் தெரியாது. அதற்கு எச்டிஎம்எல் பக்கமாக எழுதி குரோம் வழியே பிடிஎஃப் ஆக்குவது நல்லது. தமிழைக் கோர்க்கும் வேலையை பிரவுசர் பார்த்துக்கொள்ளும்.

இன்றைக்கே அனுப்பியாக வேண்டும், எதுவும் வேலைக்கு ஆகவில்லையா? தமிழ் இன்வாய்ஸில் 'ரூ.', ஆங்கிலத்தில் 'ஐஎன்ஆர்' என்ற மூன்றெழுத்து. தொகையை எழுத்தாலும் ஒருமுறை எழுதிவிடுங்கள். அனுப்பும் முன் உங்கள் லேப்டாப்பில் இல்லாமல் போனில் திறந்து பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் அந்த எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால், அங்கே எல்லாம் சரியாகத்தான் தெரியும்.