பொருள் வேண்டாத சொல்: தனி மந்திரத்தின் இருபதாம் நூற்றாண்டு

யாஸ்கரின் நிருக்தத்தில் கௌத்ஸர் என்னும் ஆசிரியரின் கருத்து ஒன்று எடுத்துரைக்கப்பட்டு மறுக்கப்படுகிறது. மந்திரங்களுக்குப் பொருள் இல்லை என்பது அவர் கட்சி. மந்திரத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளுடைய இன்னொன்றை வைக்க முடியாது, வரிசையையும் மாற்ற முடியாது. அப்படியானால் அது மொழியைப் போல இயங்கவில்லை என்பது வாதம். இந்தப் பழைய கட்சியை மொழியியல் கருவிகளோடு மீண்டும் எழுப்பியவர் டச்சு அறிஞர் ஃபிரிட்ஸ் ஸ்டால். அவர் 1957இல் முனைவர் பட்டம் பெற்றது சென்னைப் பல்கலைக்கழகத்தில். அதே ஆண்டின் கடைசி நாள்களில், அதே சென்னையில், மகேஷ் யோகி தம் ஆன்மிக மறுமலர்ச்சி இயக்கத்தை அறிவித்தார். இருவருக்கும் தொடர்பு இருந்தது என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஸ்டால் ஏட்டில் எழுதியதை யோகியின் இயக்கம் கடல் கடந்து நடைமுறையாக்கியது என்பேன்.

நாள்தோறும் இருவேளை, ஏறக்குறைய இருபது நிமிடம், கண்மூடி அமர்ந்து, ஆசிரியர் தந்த ஒரு சொல்லை மனத்துக்குள் ஓடவிடுவது: ஆழ்நிலைத் தியானம் என்று தமிழில் வழங்கும் முறை இதுதான். அச்சொல் உங்களுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது, பிறரிடம் சொல்லலாகாது, அதற்குப் பொருள் தேட வேண்டியதில்லை. இம்மூன்று விதிகளில் மூன்றாவது மிகவும் பிந்தியது. 1955இல் கொச்சியில் நடந்த மாநாட்டில் யோகி ஆற்றிய உரைகள் ஆங்கில நூலாக வெளிவந்துள்ளன. அங்கே மந்திரம் என்பது இஷ்ட தெய்வத்துக்குரிய மந்திரம். அத்தெய்வத்தின் அருளைப் பெற்றுத்தருவது. ஆங்கிலத்தில் இஷ்ட தெய்வத்தைக் குறிக்க அவர் ஆண்ட அடைமொழியும், பின்னாளில் மேலை நாட்டு மாணவரின் ‘சொந்த’ மந்திரத்துக்கு வந்து சேர்ந்த அடைமொழியும் ஒன்றே: ‘பர்சனல்’. தெய்வத்தைத் தழுவி நின்ற அடைமொழி, தெய்வம் நழுவியதும் கட்டணம் செலுத்தியவரைத் தழுவிக்கொண்டது. பொருண்மை மாற்றத்துக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அந்தச் ‘சொந்த’ மந்திரங்கள் வயது முதலியவற்றை வைத்து ஒரு சிறு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று முன்னாள் பயிற்றுநர்கள் பின்னர் வெளியிட்டனர்.

மதம் அன்று, உத்தி மட்டுமே என்ற நிலைப்பாடு அமெரிக்க நீதிமன்றத்தில்தான் இடறியது. 1975-76 கல்வியாண்டில் நியூ ஜெர்சியின் சில அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இத்தியானம் விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. மந்திரம் பெற வந்த மாணவர்கள் பூவும் பழமும் கைக்குட்டையும் கொண்டுவந்தனர். யோகியின் குருவான பிரம்மானந்த சரஸ்வதியின் படத்துக்கு முன் ஆசிரியர் வடமொழியில் பூசைப் பாடலை ஓதினார். மாணவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்திராது. ஆனால் வழக்கு வந்தபோது, அப்பாடலின் ஆங்கில மொழிபெயர்ப்பு நீதிபதியின் மேசைக்குப் போயிற்று. இப்பாடத்தை மதம் சார்ந்ததென 1977இல் மாவட்ட நீதிமன்றமும், 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. கேட்பவருக்குப் பொருள் தெரியாத சொல்லுக்கும் பொருள் உண்டு என்பது, கௌத்ஸருக்கு எதிராக யாஸ்கரே முன்வைத்த வாதம்!

இதற்கிடையே ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், இத்தியானம் செய்வோரை ஆராய்ந்து, 1975இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழி காட்டினார். குருவும் வேண்டாம், மறைபொருளும் வேண்டாம். ஆங்கிலத்தின் ‘ஒன்’ என்ற எண்ணுப் பெயரே போதும் என்றார்.

பெங்களூரு இக்கதையில் நுழைவது இங்கேதான். பலரும் இந்நகரை, மகேஷ் யோகியிடம் பயின்ற ரவிசங்கரின் வாழும் கலை அமைப்போடும், அது தனித்தனியே மந்திரம் தரும் தியானப் பயிற்சியோடும் இணைத்துப் பேசுவர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1998இல் இங்குள்ள விவேகானந்த கேந்திர யோக ஆய்வு அறக்கட்டளையைச் சேர்ந்த ஷெர்லி டெல்லஸ், நாகரத்னா, நாகேந்திரா மூவரும் வெளியிட்ட சிறு கட்டுரை. ‘ஓம்’ என்பதை மனத்துக்குள் சொல்லும்போதும், பென்சனின் ‘ஒன்’ என்பதைச் சொல்லும்போதும் உடலில் நிகழ்வதை அவர்கள் அருகருகே வைத்து அளந்தனர். இரண்டிலுமே இதயத் துடிப்பு குறைந்தது, மூச்சும் நிதானப்பட்டது. தோலின் மின்தடை மட்டும் ‘ஓம்’ சொன்னபோது தனியே மாறியது; அச்சொல்லின் முக்கியத்துவத்தை மனம் உணர்ந்ததன் அறிகுறியாக அதை அவர்கள் விளக்கினர். 2011இல் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 12 பேரைக் காந்த அதிர்வுக் கருவிக்குள் படுக்கவைத்து, ‘ஓம்’ ஓதுவதை ‘ஸ்ஸ்ஸ்’ என்ற வெற்றொலியோடு ஒப்பிட்டனர். உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் ‘ஓம்’ ஓதியபோது அடங்கின. ‘ஸ்ஸ்ஸ்’ ஒலியில் அப்படி நிகழவில்லை.

சிறிய ஆய்வுகள், அவற்றின்மேல் கோபுரம் கட்டக் கூடாது. என் மனக்குறை எண்ணிக்கையைப் பற்றியதும் அன்று. ஒப்பிடப்பட்டவை பொருளுள்ள சொல்லும் பொருளற்ற சொல்லும் அல்ல. ‘ஒன்’ என்பதற்கு அகராதிப் பொருள் தெளிவாக உண்டு. ‘ஓம்’ என்பதற்குத்தான் அகராதிக்காரர்கள் திண்டாடுவர். வேறுபட்டது பொருள் அன்று, அச்சொல் வந்த வழி.

தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்தை வரையறுக்கும்போது ஒலியையோ சொற்பொருளையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதை இங்கு நினைக்கலாம். சொல்பவரின் நிறைவு, அவரது ஆணை, அச்சொல்லின் மறைவு ஆகியவையே அங்கே இலக்கணம். திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து உபதேசம் பெற்ற இராமானுசர் அதைப் பலரறியச் சொல்லிவிட்டார் என்ற வைணவ மரபுக் கதையும், மறைவு என்ற இக்கூறின் மேல்தான் நிற்கிறது. மந்திரம் முன்னரே எல்லாருக்கும் தெரிந்த எட்டெழுத்தாக இருந்திருந்தால் அக்கதைக்கு இடமே இல்லை.

ஆகவே ஆய்வகத்தில் நான் காண விரும்பும் ஒப்பீடு வேறு. ஒரு குழுவுக்கு ‘ஒன்று’ என்ற சொல்லைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றொரு குழுவுக்கு அதே சொல்லை, பூவும் பழமும் வைத்து, அவர்கள் மதிக்கும் ஒருவர் தனித்தனியே காதில் ஓதி, வெளியே சொல்லாதே என்று ஆணையிட வேண்டும். ஓராண்டு கழித்துத் தோலின் மின்தடையை அளக்கலாம்.