படத்தில் வரைந்த புன்னகை

புகைப்படக் கலையின் தொடக்க காலத்து உருவப்படங்களில் புன்னகை மிக அரிது. செல்வராயினும் தொழிலாளராயினும், மணமக்களாயினும் முதியோராயினும், யாவரும் நீதிமன்றத்திற் சாட்சி சொல்ல வந்தவர் போலவே வீற்றிருப்பர். பாரிஸ் நகரில் 1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் டகேரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டபோது ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் சென்றன. தலை அசையாதிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்று வைக்கப்பட்டது. அத்துணை நேரம் சிரித்த முகத்தோடு இருத்தல் எவருக்கும் இயலாது.

ஆயினும் இக்காரணம் முழுவதும் போதாது. சில ஆண்டுகளிலேயே அந்நேரம் சில விநாடிகளாகக் குறுகிவிட்டது, முகங்களோ மலரவில்லை. பல் தெரியச் சிரித்தல் பண்பன்று என்னும் கொள்கை ஓவியர்களிடமிருந்து வந்த பழஞ்சொத்து. விஜே லெப்ரூன் என்னும் பிரெஞ்சு ஓவியப் பெண்மணி, மகளை அணைத்தபடி தாம் இருக்கும் ஓவியத்தை 1787ஆம் ஆண்டு பாரிஸில் காட்சிக்கு வைத்தார். அதில் இதழ் சற்றே விரிந்து பற்கள் தோன்றின. அது பெருங் குற்றமாகப் பேசப்பட்டது!

முகத்தைத் திருத்தும் வழக்கமும் கணினியோடு பிறந்ததன்று. மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டேங்கல் என்பார் 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில், திருத்திய நெகற்றிவ் ஒன்றையும், திருத்துமுன்னும் பின்னும் அதிலிருந்து எடுத்த படங்களையும் காட்டினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். பின்னர் இது ஸ்ரூடியோ தோறும் ஒரு தனித் தொழிலாயிற்று. கண்ணாடித் தட்டைச் சாய்மேசையில் நிறுத்தி, கீழிருந்து ஒளி படச்செய்து, பென்சில் பற்றுமாறு மெல்லிய பிசின் பூசுவர். ஊசிபோற் கூராக்கிய பென்சிலால் மிக நுண்ணிய புள்ளிகளை இடுவர். படத்திற் கருமையாக விழும் சுருக்கம் நெகற்றிவில் தெளிந்த கோடாய் இருக்கும். அதனைப் பென்சில் நிரப்பினால் படத்தில் அச்சுருக்கம் மறைந்துவிடும். கருமை வேண்டுமிடத்துக் கத்தியாற் சுரண்டுவர். மூக்கருகிலிருந்து வாயோரம் இறங்கும் கோட்டை மெலிதாக்கினாலே கடுகடுத்த முகம் கனிந்துவிடும். கைத்திறன் மிக்கோர் இதனை அளவோடு செய்தனர். அல்லாதார் கையில் மனித முகம் மெழுகுப் பொம்மையாயிற்று.

இவ்வழக்கத்துக்கு உடன்படாதவருள் ஜூலியா மார்கிரட் கமெரன் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். தட்டிலுள்ள கறைகளைக்கூட அப்படியே விட்டவர் அவர். முகச் சுருக்கத்தைப் பென்சிலால் அழிப்பதை அவர் ஏற்றாரல்லர். கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879ஆம் ஆண்டு காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரது கல்லறை உள்ளது.

புன்னகை எங்கே பிறக்கிறது? பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு விடை தந்தார். ஒரு முதியவரின் கன்னத் தசையில் மின்சாரம் செலுத்தி வாயோரத்தை உயர்த்தினார். சிரிப்பின் வடிவம் வந்தது, சிரிப்பு வரவில்லை. மெய்யான மகிழ்ச்சியிற் கண்ணைச் சூழ்ந்த தசையும் சுருங்கும். அது மனிதன் கட்டளைக்கு எளிதிற் பணியாதது. டார்வின் தமது 1872ஆம் ஆண்டு நூலில் இப்படங்களை எடுத்தாண்டார். மின்சாரச் சிரிப்பை 24 பேருக்குக் காட்டியபோது மூவருக்கு அது இன்னதென்றே விளங்கவில்லை. ஏனையோர் ஒருவகைச் சிரிப்பென்று அறிந்தும், அதனை இயல்பானதாகக் கொள்ளவில்லை. அதே முதியவரின் இயல்பான புன்னகையையோ கண்டவர் யாவரும் உடனே மெய்யென அறிந்தனர்.

போட்டோஷொப் என்னும் கணினி மென்பொருள் 1990ஆம் ஆண்டு வெளிவந்தது. கண், வாய் முதலிய உறுப்புகளைத் தானே இனங்காணும் கருவி 2016ஆம் ஆண்டு அதிற் சேர்ந்தது. புன்னகைக்கென ஓர் அளவுகோல். அதை நகர்த்தினால் வாயோரம் உயரும். கண்கள் முன்போலவே இருக்கும். டுஷேனின் மின்கம்பி செய்த வேலையும் இதுவே! 2020ஆம் ஆண்டு வந்த கருவி அதனினும் ஒருபடி மேற்சென்றது. எண்ணிறந்த முகங்களிற் பயின்று, கன்னத்தையும் கண்ணையும் சேர்த்தே மாற்றவல்லது. மூடிய வாயைத் திறந்து பல்வரிசையும் வைத்துத் தரும்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்னும் நினைவுமலர் அச்சாகும். தகுந்த படம் இல்லாதபோது அடையாள அட்டைப் படமே ஸ்ரூடியோவுக்குச் செல்கிறது. அதிற் சிரிப்பு இராது. சற்றே சிரிக்க வைத்துத் தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்பதிற் குற்றம் காண்பதற்கில்லை. துயரத்திலிருப்போர் கேட்பது அது. பென்சில் பிடித்தவர் அந்த முகத்திலிருந்த கோட்டையே மென்மையாக்கினார். இன்றைய கருவி வைக்கும் பற்களோ அவருடையன அல்ல. அவரைக் கண்டறியாத பேரப்பிள்ளை, சுவரில் தொங்கும் அப்படத்தைப் பார்த்தே தாத்தாவின் சிரிப்பு இதுவென்று அறிந்துகொள்கிறது.