எடுக்காத லீவுக்கு என்ன விலை?

இன்னைக்குப் பேசப் போறது போரைப் பத்தி இல்லை, லீவைப் பத்தி. ராணுவத்துல இருந்து வெளிய வரும்போது, எடுக்காம விட்ட லீவுக்குக் கையில கொடுக்கிற காசு. எங்க ஊர்ப் பக்கம் இதை 'லீவு சம்பளம்'னு சொல்வாங்க.

எனக்கு இந்த விஷயம் தெரிஞ்சது என் தாய்மாமா மூலமா. ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம். 1987-ல சேர்ந்து 2004-ல ஊருக்கு வந்தார். 1999-ல கார்கில் சண்டை வந்தப்போ அவருக்கு லீவு ரத்து. அந்த வருஷம் வீட்டுக்கே வரலை. மூத்த பொண்ணுக்குக் காது குத்தினாங்க, மடியில உட்கார வைக்க வேண்டிய மாமாக்காரன் நான் சின்னப் பையன், அவளோட அப்பா போட்டோவுல மட்டும் இருந்தார்.

வெளிய வந்ததும் கணக்குச் சீட்டு வந்தது. அதுல 30 நாள் குறையுது. 1999 லீவை அவர் எடுத்த மாதிரியே கழிச்சிருக்காங்க. "விடுங்க மாமா, ஒரு மாசச் சம்பளம்தானே"ன்னேன். "மாப்ள, காசு இல்லடா. வராதவன வந்தான்னு எழுதியிருக்கான்"னார்.

இந்தக் காசு எப்படி வந்ததுன்னு பார்ப்போம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துல அமெரிக்காவுல, வெளிய வர்ற அதிகாரிக்கு மிச்ச லீவுக்குச் சம்பளம் உண்டு. சாதாரணச் சிப்பாய்க்கு இல்லை. அதிகாரியோட நாளுக்கு விலை உண்டு, சிப்பாயோட நாளுக்கு இல்லைன்னு அர்த்தம். பெரிய எதிர்ப்புக்கு அப்புறம் 1946 ஆகஸ்ட்ல அதிபர் ட்ரூமன் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். மாதத்துக்கு இரண்டரை நாள் கணக்கு, அதிகபட்சம் 120 நாள். ஆனா பெரும்பாலானவங்களுக்குக் கொடுத்தது ரொக்கம் இல்லை, இரண்டரை சதவீத வட்டியில ஐந்து வருஷப் பத்திரம். அதை உடனே மாத்திக்கலாம்னு 1947-லதான் அனுமதிச்சாங்க.

நம்ம நாட்டுல மத்திய அரசு ஊழியர்களுக்கு 1977-ல இது வந்தது, 180 நாள் வரைக்கும். நாலாவது சம்பளக் கமிஷனுக்கு அப்புறம் 240, ஐந்தாவதுக்கு அப்புறம் 300. ராணுவத்துலயும் இன்னைக்கு உச்சவரம்பு 300 நாள்தான். அதாவது கிட்டத்தட்ட பத்து மாதச் சம்பளம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கூட்டி, 30-ஆல வகுத்து, நாள் கணக்கால பெருக்கணும். அரசு ஊழியருக்கு ஓய்வின்போது கிடைக்கிற இந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது.

கவனிக்க வேண்டியது ஒண்ணு. ராணுவத்துல சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு. ஆனா ஒரு வருஷத்துக்கு 30 நாள் வரைக்கும்தான் சேர்த்து வைக்க முடியும். அதுக்கு மேல எடுக்காம விட்டது போனது போனதுதான். சி.ஆர்.பி.எஃப். மாதிரிப் படைகளுக்குக் கணக்கே வேற. அங்க மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகள்.

2019 பிப்ரவரி 14, புல்வாமா. அந்த வண்டி வரிசையில போனவங்கள்ல நிறைய பேர் லீவு முடிஞ்சு திரும்பினவங்க. அதுல இறந்தவங்கள்ல ஒருத்தர் நம்ம அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரன். பணியில இறந்தாலும் சேர்ந்த லீவுக்கான தொகை குடும்பத்துக்குப் போகணும்னு அந்த விதிகள் சொல்லுது. அதனாலதான் இதை வெறும் 'போனஸ்'னு சொல்ல எனக்கு மனசு வரலை.

சட்டமும் அப்படித்தான் பார்க்குது. 2013-ல ஜார்க்கண்ட் அரசு சம்பந்தப்பட்ட வழக்குல, பென்ஷன், கிராஜுவிட்டி, லீவு தொகை எல்லாம் தானமில்லை, அரசியல் சட்டம் 300-ஏ பிரிவின்கீழ் சொத்துன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. சட்ட விதி இல்லாம வெறும் நிர்வாக உத்தரவால நிறுத்தி வைக்க முடியாது.

மாமா கதைக்கு வர்றேன். அப்போ அரியலூர் தனி மாவட்டம் இல்லை. 2001-ல பிரிச்சு, 2002-லயே திரும்பச் சேர்த்துட்டாங்க. மறுபடி பிரிஞ்சது 2007-ல. அதனால எதுக்கும் பெரம்பலூர்தான். விடிகாலைல பஸ் ஏறினா திரும்ப இருட்டிடும். நாலு தடவை கூடவே போனேன். டிரங்குப் பெட்டியில அவர் எல்லா லீவு சர்ட்டிபிகேட்டையும் வருஷ வாரியா நூல் போட்டுக் கட்டி வெச்சிருந்தார். 1999-க்குச் சீட்டு இல்லை, ஏன்னா லீவே இல்லை. இல்லாததை எப்படி நிரூபிக்கிறது? கடைசியில அவர் மாமிக்கு எழுதின கடிதங்கள் உதவிச்சு. அந்த மாசங்கள்ல படையஞ்சல் முத்திரையோட வந்தவை. எழுதிப் போட்டு எட்டு மாசம் கழிச்சு 30 நாள் காசு வந்தது. முந்திரிக் கொல்லைக்கு வேலி போட்டார்.

இப்போ நம்ம பையன்கள் அக்னிவீரா போறாங்க. நாலு வருஷம், ஆண்டுக்கு 30 நாள் லீவு, பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லை. அவங்களுக்கும், பணியில இருக்கிற எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான். லீவு எடுத்தாலும் எடுக்காட்டியும், பார்ட் டூ ஆர்டர்ல சரியா ஏறியிருக்கான்னு வருஷா வருஷம் பாருங்க. ஒரு நகல் வீட்டுல இருக்கட்டும்.

மாமா பொண்ணுக்கு இப்போ கல்யாணம் ஆயிடுச்சு. போன மாசம் அவ குழந்தைக்குக் காது குத்தினோம். மாமா முதல் ஆளா வந்து முன்வரிசையில உட்கார்ந்திருந்தார்.