பாடலும் பந்தியும்

விவிலியப் போதனை ஏட்டில் நின்றுவிடுவதன்று. வீட்டிலும் பந்தியிலும் அது சோதிக்கப்படுகிறது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸின் மாணாக்கர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ யாத்துக் கிறித்தவத்தைத் தமிழ் மரபில் வேரூன்றச் செய்தவர். அந்நாளைய தஞ்சைத் திருச்சபையிலோ வேளாளரும் ஒடுக்கப்பட்டோரும் பிரிந்தே அமர்ந்தனர். திருவிருந்திலும் வேற்றுமை தொடர்ந்தது. 1820-களில் புதிய பாதிரிமார் இதனை மாற்ற முனைந்தபோது, சாதி உலகியல் வழக்கமே என வாதிட்டு எதிர்த்தார் சாஸ்திரியார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை அறவே விலக்குமாறு ஆணையிட்டார்; பலர் சபையைத் துறந்தனர்.

குறத்தியைக் குறி சொல்லவைத்த கவிஞருக்கு, எளியவரோடு ஒரே பந்தியில் அமர்வது அரிதாயிற்று. அவர்தம் தமிழ் போற்றுதற்குரியது, ஐயமில்லை. ஆயினும், பாட்டு எட்டிய இடத்தை வாழ்வு எட்டியதா என்னும் வினா அவரோடு முடிவதன்று. பாடுவோர் அனைவருக்கும் உரியது.