சித்தூர், திருப்பதியில் டீசல் பிக்கப் வாங்குவோர் எதிர்பார்ப்பது என்ன?

திருப்பதி: தமிழக எல்லையை ஒட்டியுள்ள ஸ்ரீசிட்டியில் தயாராகும் நடுத்தர டீசல் பிக்கப் வாகனங்கள் மேற்கு ஆசியா வரை ஏற்றுமதியாகின்றன. ஆனால், அந்த ஆலையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், மாங்காயும் தக்காளியும் பாலும் ஏற்றிச் செல்லும் சித்தூர், திருப்பதி சாலைகளில் அதிகம் தென்படுவது வேறு வகை வண்டி. எளிமையான ஒற்றை கேபின், நீளமான தொட்டி, தடித்த லீஃப் ஸ்பிரிங் கொண்ட சரக்கு பிக்கப்தான் அது. புதிய பிக்கப் வாங்கும் விவசாயியும் சிறு வாடகை வண்டி உரிமையாளரும் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பதை இந்த வேறுபாட்டிலிருந்தே புரிந்துகொள்ள முடியும்.

ஸ்ரீசிட்டி ஆலை

ஜப்பானின் இசுஸூ நிறுவனம் இந்தியர்களுக்குப் புதிதல்ல. அதன் என்ஜின்கள் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர், கான்டெஸா கார்களில் முன்பே இடம்பெற்றன. 2012இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி நிறுவனமாக இந்தியாவுக்கு வந்த இசுஸூ, முதலில் திருவள்ளூரில் உள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் ஒப்பந்த முறையில் வாகனங்களைத் தயாரித்தது. பின்னர் ஸ்ரீசிட்டியில் 107 ஏக்கரில் சொந்த ஆலையை அமைத்தது. ஆண்டுக்கு 50,000 வாகனங்கள் என்ற தொடக்கத் திறனுடன் 2016 ஏப்ரலில் இந்த ஆலை செயல்பாட்டுக்கு வந்தது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022 ஏப்ரல் 4இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.

ஆலை தொடங்கிய ஆண்டிலேயே டி-மேக்ஸ் வி-கிராஸ் என்ற இரட்டை கேபின் பிக்கப் 12.49 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. இப்போதைய வி-கிராஸில் உள்ள 1.9 லிட்டர் டீசல் என்ஜின் 163 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. 2022இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் என்ஜின் 204 குதிரைத்திறன் கொண்டது.

இந்த எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் தக்காளிப் பெட்டி அடுக்குபவருக்கு அவற்றால் பெரிய பயனில்லை. நான்கு கதவுகளும் இரண்டு வரிசை இருக்கைகளும் இடத்தை எடுத்துக்கொள்வதால், வி-கிராஸ் போன்ற வண்டியில் தொட்டியின் நீளம் சுமார் 5 அடிதான். வி-கிராஸ், ஹைலக்ஸ் ஆகிய இரண்டின் அனுமதிக்கப்பட்ட சுமையும் ஒரு டன்னுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. மாறாக, 2022 செப்டம்பரில் வந்த டாடா யோதா 2.0 இரண்டு டன் வரை ஏற்றும். 2023 ஏப்ரலில் விரிவுபடுத்தப்பட்ட மஹிந்திரா பொலிரோ மேக்ஸ் பிக்கப் வரிசை 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை ஏற்றும். அதன் தொட்டி 3,050 மில்லிமீட்டர், அதாவது 10 அடி வரை கிடைக்கிறது. பொலிரோ மேக்ஸின் முறுக்குவிசை 200 முதல் 220 நியூட்டன் மீட்டர்தான் என்றாலும், நாட்டின் பிக்கப் சந்தையில் மஹிந்திராவே முன்னணியில் உள்ளது.

சரக்கின் விலையே வண்டியைத் தீர்மானிக்கிறது

சித்தூர் பகுதி கிளிமூக்கு மாம்பழத்துக்கும், அதைக் கூழாக்கும் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. 2025 ஜூனில் விலை சரிந்தபோது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு மானியமாக 4 ரூபாயும் தர வேண்டும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. வெளிமாநில மாம்பழ வரத்துக்கு சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. அதை விலக்கக் கோரி கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். இதற்கிடையே, கூழ் ஆலைகளின் வாயிலில் சரக்கு ஏற்றிய வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன.

ஆலை தரும் 8 ரூபாயை மட்டும் கணக்கிட்டால், 1.7 டன் மாங்காயின் மதிப்பு 13,600 ரூபாய். அரசு மானியமும் சேர்ந்தால் 20,400 ரூபாய். பறிகூலி, ஏற்றுகூலி, வாடகை, டீசல் அனைத்தும் இதற்குள்தான் அடங்க வேண்டும். இதே சரக்கை 850 கிலோ ஏற்றும் வண்டியில் கொண்டுசென்றால் இரண்டு நடை தேவை. ஆலை வாசலில் இரண்டு முறை காத்திருக்கவும் வேண்டும். எனவே ஒரே நடையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் இங்கு முதல் கேள்வி.

தக்காளியின் கதை வேறு. பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி, நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. 2023 ஜூலையில் அங்கு தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வேறு பருவங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்பட்டதும் உண்டு. சரக்கு நசுங்காமல் சேர வேண்டும் என்பதால், பெட்டிகளை வரிசையாக அடுக்க நீளமான, தட்டையான தொட்டியும், மூன்று பக்கமும் திறக்கும் தடுப்புகளும் தேவைப்படுகின்றன. தொட்டியின் உயரமும் முக்கியம். பெட்டிகளைப் பெரும்பாலும் ஆட்களே தூக்கி ஏற்றுகிறார்கள். தரையிலிருந்து அரை அடி கூடினாலும் அது அவர்களின் தோளுக்குச் சுமை. விளம்பரங்களில் இந்த அளவு அரிதாகவே இடம்பெறுகிறது.

3,000 கிலோ என்ற கோடு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆவது பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனங்களுக்கு பர்மிட் தேவையில்லை. வண்டியின் சொந்த எடையும் சுமையும் சேர்ந்ததே மொத்த எடை. சந்தையில் பல பிக்கப் மாடல்களின் மொத்த எடை 2,990 கிலோ என்று குறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். இரண்டு டன் ஏற்றும் மாடல்கள் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவதால், அவற்றை வாங்குவோர் பர்மிட் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். பர்மிட் தேவைப்படாவிட்டாலும் தகுதிச் சான்று, காப்பீடு, வரி ஆகியவற்றிலிருந்து விலக்கு இல்லை. சரக்கு வாகனத்துக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும்.

அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலாக ஏற்றினால், 2019 திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மேலே சொன்ன 13,600 ரூபாய் மாங்காயோடு இதை ஒப்பிட்டால், ஒரு நடையின் சரக்கு முழுவதையும் விற்றாலும் அபராதத்துக்குப் போதாது. இருந்தும் அதிகச் சுமை ஏற்றும் வழக்கம் மறையவில்லை. வாங்குவோர் பலரும் தடித்த ஸ்பிரிங்கைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. ஸ்பிரிங்கைத் தடிக்க வைத்தாலும் பிரேக்கின் திறன் கூடுவதில்லை.

ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை ஒரு தெளிவு கிடைத்துள்ளது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6இல் தீர்ப்பளித்தது. கார் உரிமத்துடன் தன் பிக்கப்பைத் தானே ஓட்டும் விவசாயிக்கு, விபத்து நேர்ந்தால் காப்பீடு மறுக்கப்படுமோ என்ற அச்சத்தை இது குறைக்கிறது.

ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை

மதனப்பள்ளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. சித்தூர் அதில் ஏறக்குறைய பாதி உயரம். திருப்பதி அதைவிடத் தாழ்வு. ஆகவே திருப்பதிக்கும் சென்னைக்கும் செல்லும் தக்காளி, பாக்கராப்பேட்டை மலைப்பாதை வழியாக இறங்குகிறது. பலமனேர் பக்கத்துச் சரக்கு மொகிலி மலைப்பாதையில் சித்தூரை நோக்கி இறங்குகிறது. சுமையோடு இறங்கி, காலியாக ஏறுவதே இந்த வண்டிகளின் அன்றாடம். பெங்களூரு செல்லும் வண்டிகளுக்கு மட்டுமே சுமையோடு ஏறும் வேலை.

இதனால் குதிரைத்திறனைவிட, தாழ்ந்த கியரில் என்ஜின் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்பதும், தொடர்ந்து மிதித்தாலும் பிரேக் சூடேறித் தளராமல் இருப்பதும் முக்கியமாகின்றன. திருமலை மலைப்பாதையில் இறங்கும் வாகனங்களுக்குக் குறைந்தபட்சப் பயண நேரம் நிர்ணயிக்கப்பட்டிருப்பதும் இந்த ஆபத்தைக் கருதியே. வண்டியைச் சோதித்துப் பார்ப்பவர் காலித் தொட்டியுடன் நகரத் தெருவில் ஓட்டிப் பார்ப்பதால் இது எதுவும் தெரிய வராது. சுமையுடன், ஓர் இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க விற்பனையாளரிடம் கேட்பதில் தவறில்லை.

டீசலும் தவணையும்

ஆந்திரத்தில் டீசல் மீதான மாநில வரி அதிகம். எல்லை தாண்டினால் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால், வாய்ப்புள்ள ஓட்டுநர்கள் அங்கேயே தொட்டியை நிரப்பிக்கொள்கின்றனர். மைலேஜ் பற்றிய கேள்வி இங்கு கூர்மையாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

திருப்பதியிலிருந்து கோயம்பேடு சென்று திரும்ப ஏறத்தாழ 280 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 28 லிட்டர் தேவை. 12 கிலோமீட்டர் தந்தால் 23 லிட்டரும் சற்றுக் கூடுதலும். டீசல் 97 ரூபாய் என்று கொண்டால், மாதம் 20 நடைக்கு ஏறத்தாழ 9,000 ரூபாய் வித்தியாசம். எட்டு லட்சம் ரூபாய்க் கடனை 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 17,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் டீசலிலேயே மிச்சமாகிறது. அதே வட்டியில் 18 லட்சம் ரூபாய்க் கடனுக்குத் தவணை 38,000 ரூபாயைத் தாண்டும். மாங்காய்ப் பருவம் சில மாதங்களே. மற்ற மாதங்களில் பாலோ காய்கறியோ கட்டுமானப் பொருளோ கிடைக்காவிட்டாலும் தவணை நிற்காது.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஒரே பொருளுக்குப் பழைய விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குறைப்பு முழுமையாகக் கிடைத்ததா என்பது தெரியும்.

கரி வடிகட்டி என்ற புதுக் கவலை

2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால், புதிய டீசல் வண்டிகளின் புகைப்போக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. சேர்ந்த கரி எரிந்து தீர, வண்டி சிறிது நேரமாவது தொடர்ந்து சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஆலை வாசலில் என்ஜினை அணைக்காமல் அங்குலம் அங்குலமாக நகர்வதும், ஊருக்குள் பால் கேன்களுக்காக நின்று நின்று செல்வதும் இதற்கு நேர்மாறான ஓட்டம். எச்சரிக்கை விளக்கு எரிந்தும் கவனிக்காவிட்டால் என்ஜின் திறன் குறையும். வடிகட்டியை மாற்ற நேர்ந்தால் செலவு பெரிது. சாலையோரப் பட்டறையில் பழைய டீசல் வண்டிகளைப் பழுதுபார்த்துப் பழகியவர்களிடம் இதற்கான மின்னணுக் கருவி பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே அங்கீகரிக்கப்பட்ட பணிமனை எத்தனை கிலோமீட்டரில் உள்ளது, உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்ற இரு கேள்விகளும் விலைக்கு நிகரான இடத்தைப் பிடித்துவிட்டன.

இரட்டை கேபின் வண்டிக்கு இங்கு வாங்குவோரே இல்லை என்று சொல்ல முடியாது. தோட்டத்துக்கும் நகரத்துக்கும் குடும்பத்தோடு சென்று வரும் பெரிய பண்ணையாளர்கள், குவாரி மற்றும் கட்டுமான ஒப்பந்ததாரர்கள் போன்றோருக்கு அது பொருந்தும். அவர்களுக்கு ஏர்பேக், நான்கு சக்கர இயக்கம், தனிப்பயன் வாகனமாகப் பதிவு செய்யும் வசதி ஆகியவை முக்கியம். ஒற்றை கேபின் சரக்கு வண்டியில் மூட்டைகளின் மேல் கூலியாட்களை அமர்த்தி அழைத்துச் செல்வது சட்டவிரோதம் என்பதால், ஐந்து பேரையும் ஓரளவு சரக்கையும் ஒன்றாகக் கொண்டுசெல்ல வேண்டியவர்களுக்கு இசுஸூ எஸ்-கேப், மஹிந்திரா பொலிரோ கேம்பர் போன்ற இடைப்பட்ட வண்டிகள் உள்ளன.