சொந்தக் காரணங்கள்

பெரிய மென்பொருள் சேவை நிறுவனம் ஒன்றிலிருந்து விலகும் பெண் தன் விலகல் கடிதத்தில் பெரும்பாலும் இரண்டே சொற்களை எழுதுகிறார்: சொந்தக் காரணங்கள். கோப்பில் அதற்குமேல் எதுவும் இருப்பதில்லை. பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் படித்து, வளாகத் தேர்வில் இத்துறைக்குப் போன கணினி அறிவியல் மாணவிகள் பலர், ஐந்தாறு ஆண்டுகளில் இப்படித்தான் வெளியே வந்திருக்கிறார்கள். அவர்களோடு பேசினால் ஷிஃப்ட், கேப், குழந்தை, மாமியார், ரேட்டிங் என்று பேச்சு நீள்கிறது. இவற்றில் எது சொந்தம், எது பொது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது இரவை.

1919இல் உருவான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே, ஆலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவில், காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் பெண்ணுக்கு வேலை என்றது. இதற்குப் பாதுகாப்பு என்று பெயர். ஆனால் அதே காலத்தில் செவிலியர்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். மீன்காரப் பெண்கள் விடியுமுன் கூடை தூக்கினார்கள். துப்புரவுப் பெண்கள் ஊர் எழுமுன் தெருவில் இறங்கினார்கள். இரவு எல்லாப் பெண்களுக்கும் மூடியிருக்கவில்லை. கூலி கூடுதலாகக் கிடைக்கக்கூடிய ஆலை இரவுதான் மூடியிருந்தது.

அந்தச் சட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1940இல், கிண்டி பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். 18 வயதில் கணவரை இழந்தவர், கைக்குழந்தையின் தாய். அடுத்து பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். சான்றிதழில் ஆண்பாலாக அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலை எழுதவேண்டியிருந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. அதிகம் பேசப்படாதது அவர் வேலைக்குப் போன விதம். கல்கத்தாவில் சகோதரர் வீட்டில் தங்கி, குழந்தையை அந்த வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்ள, ஒரு மின்பொறி நிறுவனத்தில் வடிவமைப்புப் பணியில் இருந்தார். பக்ரா நங்கல் அணைக்கான மின்னமைப்பில் அவர் உழைப்பு இருக்கிறது. ஒரு பெண் பொறியாளர் வேலைக்குப் போக, வீட்டில் இன்னொரு பெண் இருக்கவேண்டும் என்ற கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

மூன்று பேரில் தொடங்கியது பெரும் எண்ணிக்கையானதற்கு மென்பொருள் துறை மட்டும் காரணமல்ல. 1980களின் நடுவில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. 2007இல் நுழைவுத் தேர்வு நீங்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றானது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக்கட்டணச் சலுகை கிடைத்தது. கோச்சிங் வகுப்புக்குக் காசில்லாத வீட்டுப் பெண்ணுக்கு இவை திறந்த வாசல்கள். எந்தப் பிரிவில் படித்தாலும் ஆளெடுத்துப் பயிற்சி கொடுத்த நிறுவனங்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தன. இன்று இந்தியாவில் இத்துறை ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். முதல் சம்பளத்தில் அப்பாவின் கடனை அடைத்த பெண்களை எனக்குத் தெரியும். இந்த வேலை தந்த விடுதலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இந்த வேலை இரவோடு சேர்ந்தே வந்தது. குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் சென்னையில் இரவு ஏழரை. வாடிக்கையாளர் அலுவலகம் திறக்கும்போது இங்கே சமையலறையில் இரவுச் சாப்பாட்டு வேலை நடக்கிறது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பெண்களின் இரவு வேலையைத் தடுத்த 66ஆம் பிரிவின் பகுதியைச் செல்லாது என்று அறிவித்தது. பெண் என்பதற்காக வேலையை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றது தீர்ப்பு. கூடவே நிபந்தனைகளும் விதித்தது: பத்துப் பேருக்குக் குறையாத குழுவாக வரவேண்டும்; வீட்டிலிருந்து போய்வர வாகனம் வேண்டும். வழக்கு ஆலைகளைப் பற்றியது. மென்பொருள் அலுவலகங்கள் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றுக்கு அரசு விதிவிலக்குகள் அளித்துவந்தது. ஆயினும் இரவில் பெண்ணை வேலைக்கு அழைக்கலாம், வண்டி அனுப்பவேண்டும் என்ற ஏற்பாடுதான் இத்துறைக்கும் இலக்கணமானது.

2005 டிசம்பரில் பெங்களூரில், இரவுப்பணிக்குக் கிளம்பிய அழைப்பு மைய ஊழியர் ஒருவரை, அழைத்துப்போக வந்த வண்டி ஓட்டுநரே கொன்றான். நிறுவனத் தலைவர்மீது தொடரப்பட்ட வழக்கை ரத்துசெய்ய 2008இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2014 பிப்ரவரியில் சிறுசேரியில், பணி முடித்து இரவில் வெளியேறிய மென்பொருள் ஊழியர் அந்தத் தொழிற்பூங்கா வளாகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். பல நாள்கள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் பெண்களுக்கான விதிகள் கூடின: வண்டியில் காவலர், முதலில் ஏறுவதோ கடைசியில் இறங்குவதோ பெண்ணாக இருக்கக்கூடாது, வீடு சேர்ந்ததும் அழைத்துச் சொல்லவேண்டும். இவை வேண்டியவைதாம். ஆனால் சாலையில் விளக்கும் பேருந்தும் கூடியதா என்று கேட்டால் பதில் வேறு.

அக இலக்கியத்தில் இற்செறிப்பு என்றொரு துறை உண்டு. மகளின் காதல் ஊரறியும் என்று அஞ்சி அவளை வீட்டுக்குள் அடைத்துக் காப்பது. இதை நடத்தும்போது, பணிக்குப் போன மாணவிகளின் நிலைதான் எனக்கு நினைவுக்கு வரும். அலுவலக வாயில் இரவு 2 மணிக்குத் திறக்கும். ஹாஸ்டல் வாயில் இரவு 10 மணிக்கு மூடும். நிறுவனத்துக்காக விழித்திருக்கும் இரவு கௌரவமானது. அதே பெண் தோழியோடு கடற்கரையில் உட்கார்ந்தால் அக்கம்பக்கத்தில் பேச்சு வரும். அலர் என்ற பழஞ்சொல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பொருள்தேடிப் பிரிவதும் அகத்தில் ஆணுக்கே உரியது. கடல்கடந்த செலவு மகளிரோடு இல்லை என்று தொல்காப்பியம் விலக்குகிறது. மென்பொருள் துறையில் அந்தக் கடல்செலவுக்கு ஆன்சைட் என்று பெயர். டீம் லீடுக்கு மேலே போக ஆன்சைட் அனுபவமும், இரவு எத்தனை மணிக்கும் அழைப்பில் இருக்கும் வசதியும் எடைபோடப்படுகின்றன. கைக்குழந்தையை வைத்திருப்பவளுக்கு இரண்டும் கடினம். கணவனோடு ஹெச்-4 விசாவில் அமெரிக்கா போன பெண் பொறியாளர்கள் அங்கே வேலை பார்க்கவே முடியாது. 2015இல்தான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு அனுமதி கிடைத்தது. 2017இல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. விடுப்பு முடிந்து வந்ததும் ரேட்டிங் இறங்கியிருந்தது என்று சொன்ன மாணவிகள் உண்டு. சட்டம் விடுப்பைத் தந்தது. விடுப்பெடுத்த ஆண்டை எப்படி மதிப்பிடுவது என்பது மேலாளர் கையில் இருந்தது.

இந்த வரலாற்றில் ஒரு திருப்பம் 2015 ஜனவரியில் நிகழ்ந்தது. டிசிஎஸ் நிறுவனத்தில் ஆள்குறைப்பு நடந்த வேளையில், சென்னையில் பணிநீக்கம் செய்யப்பட்ட கர்ப்பிணி ஊழியர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். தொழில் தகராறுகள் சட்டத்தின்படி நான் தொழிலாளி என்பது அவர் வாதம். நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நிறுவனம் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு, இத்துறை ஊழியர்களுக்கும் அச்சட்டம் பொருந்தும், சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. அதுவரை பெண் ஊழியர் காப்பாற்றப்படவேண்டிய மகளாகவே பேசப்பட்டார். அவர் போய் நின்றது தொழிலாளியாக.

2020இல் தொற்றுக்காலம் அலுவலகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. கேப் தேவையில்லை, ஹாஸ்டல் வாயில் இல்லை. ஆனால் குக்கர் சத்தத்துக்கு நடுவே மைக்கை அணைத்து அணைத்துப் பேசவேண்டியிருந்தது. பிறகு அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்னபோது, வழக்கத்துக்கு மாறாக ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக விலகினார்கள் என்று டிசிஎஸ் தன் 2022-23 ஆண்டறிக்கையிலேயே குறிப்பிட்டது. ஒரே காலத்தில் இத்தனை பேர் விலகியதற்குச் சொந்தக் காரணம் என்று பெயரிட முடியுமா?

இரவு நேரத்துக்கு நிறுவனம் கொடுத்தது சம்பளமும் வண்டியும். அந்த இரவை நடத்த வேண்டிய மற்றதையெல்லாம் அம்மாவும் மாமியாரும் வீட்டுவேலைக்கு வரும் அக்காவும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் படுத்துவிட்டால் ஒரு பெண்ணின் வேலை போகிறது. அதே கட்டடத்தின் கழிப்பறைகளை ஒப்பந்தக் கூலிக்குக் கழுவும் பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். உத்தியோகக்காரப் பெண்ணுக்கு எழுதிய பாதுகாப்பு விதி அவர்களுக்கும் உண்டா என்று கேட்பதிலிருந்துதான் இத்துறையின் பெண் வரலாறு முழுமையாகும்.

ஆலைத் தொழிலாளர் வரலாற்றை எழுதியவர்களுக்குக் கூலிச்சீட்டும் சங்கத் துண்டறிக்கையும் கிடைத்தன. மென்பொருள் தொழிலாளியின் சான்றுகள் எல்லாம் நிறுவனக் கணினியில் இருக்கின்றன. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த நாளில் அவை மூடிவிடும். இத்துறையில் இருக்கும், இருந்த பெண்களிடம் நான் கேட்பது இதுதான். எத்தனை இரவு விழித்தீர்கள், யார் குழந்தையைப் பார்த்தார்கள், எந்த ஆண்டு ரேட்டிங் இறங்கியது, ஏன் விலகினீர்கள் என்று உங்கள் கையால் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். விலகல் கடிதத்தில் இடம் கிடைக்காதவை அதில் இருக்கட்டும்.