லுகேமியா மீள்வில் கண் பாதிப்பு

தணிந்துவிட்ட இரத்தப் புற்றுநோய் திரும்பும்போது அதன் அணுக்கள் கண்ணுக்குள் ஊடுருவும் நிலை. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் தீவிர லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் இது குறிப்பாகக் கவனிக்கப்படுகிறது. இரத்தத்துக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தடுப்பு பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. எனவே மூளை, விரைகளைப் போலக் கண்ணும் புற்றணுக்களுக்குப் பதுங்கிடமாகிறது. எலும்பு மஜ்ஜையில் நோயின் தடயம் இல்லாதபோதே கண்ணில் அது தலைகாட்டுவதுண்டு.

கண்ணின் முன்னறையில் புற்றணுக்கள் படிந்தால் சீழ் தேங்கியதுபோலத் தெரியும். கண் சிவக்கும், வலிக்கும். சாதாரண அழற்சி என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தால் சிறிது தணியவும் செய்யும். மருத்துவரைத் திசைதிருப்புவது பெரும்பாலும் இந்தத் தணிவுதான். முன்னறை நீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஐயம் தீரக்கூடும். விழித்திரை இரத்தக்கசிவை மட்டும் வைத்து மீள்வு என முடிவுகட்ட இயலாது. இரத்தசோகை, தட்டணுக் குறைவாலும் அது வரும்.

பார்வை நரம்பு பாதிக்கப்படுவது அவசரநிலை; பார்வை விரைவில் பறிபோகலாம். எம்.ஆர்.ஐ., தண்டுவட நீர்ப் பரிசோதனைகளோடு கதிர்வீச்சும் தாமதமின்றித் திட்டமிடப்படும். கண்ணுக்கு மட்டும் மருத்துவம் போதாது. தண்டுவட நீருக்குள் மெத்தோட்ரெக்சேட், உடல் முழுவதற்குமான கீமோதெரபி, சிலருக்கு ஸ்டெம் செல் மாற்று ஆகியவையும் தேவைப்படும்.